ஈரத்துணி சாட்சி

அத்தியாயம் 7

"ஆளைக் கண்டுபிடிச்சுக் கையில கொடுத்தா என்ன செய்வ?" என்று கேட்டார் வெள்ளத்தாய்.

ஜெபா யோசிக்கவே இல்லை. "எம் பிள்ளையை எங்கிட்ட இருந்து பிரிச்சவன் நாலு பேரு முன்னாடி தலை குனிஞ்சு நிக்கணும். அதை நான் கண்குளிரப் பாக்கணும்."

"அம்புட்டுதானா? நீங்க பல்லைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டு நான் வண்டியில ஏதோ பேரிங் போயிட்டுன்னு நினைச்சேன்" என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இசக்கிமுத்து.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ராஜபாளையம் சாலையில் பழைய ஆம்னி வேன் போய்க்கொண்டிருந்தது. காலை பத்தரை மணி. முன்சீட்டில் வெள்ளத்தாய். இருபத்தாறு வருஷம் போலீஸில் இருந்து, ஏட்டாக விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். ஊரில் எல்லோருக்கும் அவர் இன்னும் ஏட்டம்மாதான். இசக்கிமுத்து மினி பஸ் கண்டக்டராக இருந்தவன். பயணிகளிடம் வாய் கொடுத்தே வேலையைத் தொலைத்தவன். அந்த வாயை இப்போது ஏட்டம்மா மாதச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்.

பின்சீட்டில் இருந்த ஜெபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

அவள் கணக்கு டீச்சர். மாமனார் ஜேசுதாசனுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி; வீடும் அதே காம்பவுண்டில். ஜூன் மாதத்தில் இருந்து, அவரிடம் துணி வாங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் பெயரில்லாத மெயில்கள் போக ஆரம்பித்தன. 'ஜேசுதாசன் கம்பெனித் துணியைக் கட்டினால் புண் சீழ் பிடிக்கிறது' என்று மொத்தம் பதினாலு மெயில். ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஜேசுதாசன் கொதித்துப் போய் சைபர் போலீஸுக்குப் போனார். போலீஸ் எங்கெங்கோ தேடிவிட்டுக் கடைசியில் அவர் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. மெயில் எல்லாம் அவர் வீட்டு நெட்டில் இருந்துதான் போயிருக்கிறதாம்.

வீட்டில் இருந்தது நாலு பெரியவர்கள். ஜேசுதாசன், மாமியார் ரோசம்மாள், கணவன் ஸ்டெபின், ஜெபா. போலீஸ் கொடுத்த நேரப் பட்டியலை வைத்துக்கொண்டு மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். ஒன்றைத் தவிர மெயில்கள் போனதெல்லாம் காலை ஒன்பதரைக்கு முன்னால், மாலை நாலுக்குப் பிறகு, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை. அதாவது ஜெபா பள்ளிக்கூடத்தில் இல்லாமல் வீட்டில் இருக்கும் நேரம். வேறென்ன சாட்சி வேண்டும்? வெளியில் இருந்து வந்தவள் அவள் ஒருத்திதானே! நாலு வயது எப்சியைப் பிடித்து வைத்துக்கொண்டு ஜெபாவை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்று மாலை ஐந்து மணிக்கு அவள் மாமனார் வீட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பிரிந்து போகச் சம்மதம், பிள்ளை தகப்பனிடம். போடாவிட்டால் அவள் பெயரைக் குறிப்பிட்டே போலீஸில் புகார் கொடுப்பார்களாம். ஏழு வருஷம் சோறாக்கிப் போட்ட கைக்குக் கொடுத்த மரியாதை அது.

வெள்ளத்தாய் பட்டியலை மடியில் விரித்தார். "தாயி, செப்டம்பர் பதினாறாம் தேதி பகல் பதினொன்றே முக்காலுக்கு ஒண்ணு போயிருக்கே. அன்னைக்கு நீ எங்க?"

"ஸ்கூல்லதான் ஏட்டம்மா. அதைச் சொன்னதுக்கு, போன்ல டைம் வச்சு அனுப்பியிருப்பான்னு அத்தை சொல்லிட்டாங்க."

"சரி. காலாண்டுப் பரீட்சை லீவு விட்டாங்கள்ல, அந்தப் பத்து நாளும் நீ பகல் பூரா வீட்டுலதான இருந்த?"

"ஆமா."

"அப்ப மூணு மெயில் போயிருக்கு. மூணும் காலையில ஒன்பதுக்கு முன்னாடி, சாயங்காலம் நாலரைக்குப் பொறவு. பகல் பூரா சும்மா வீட்டுல இருந்தவ எதுக்கு மணி பாத்து அனுப்பணும்? ஏலே இசக்கி, சொல்லு பாப்போம்."

"டீச்சருல்லா. லீவுலயும் பெல் அடிச்சாத்தான் கை ஓடும்."

"வாயை மூடு. தாயி, செப்டம்பர் பதினாறு மழையா?"

ஜெபா கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். அன்றைக்குக் காலையில் எப்சிக்கு மழைக்கோட்டு போட்டுவிட்டது ஞாபகம் வந்தது. பிள்ளை அதைக் கழற்றமாட்டேன் என்று அடம் பிடித்ததும் சேர்ந்தே வந்தது. "ஆமா. காலையில இருந்தே நசநசன்னு தூறல்."

வெள்ளத்தாய் பட்டியலை மடித்தார். "அந்தக் காம்பவுண்டுல ஒன்பதரைக்கு வெளிய போயி நாலு மணிக்கு வீடு திரும்புறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு நீ. இன்னொண்ணு துணி."

ஜெபா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் தளவாய்புரத்துக்காரி. தறிச் சத்தத்துல வளந்தவ. வெளுத்த துணியை ஒன்பதரைக்குக் காயப்போடுற களத்துல கட்டுவாங்க. ஒண்ணு காயக் காய அடுத்த ஈரத்துணி ஏறும். நாலு மணிக்கு மொத்தமும் உருவிருவாங்க. ஞாயித்துக்கிழமை கிடையாது, மழையில கிடையாது. இந்தப் பட்டியல் உன் நேரம் இல்ல, துணியோட நேரம். துணி தொங்குறப்ப மெயில் போக மாட்டேங்குது. ஏன்னு களத்தைப் பாத்தாத் தெரியும்."

கம்பெனியின் பின்பக்கச் சந்தில் வேனை நிறுத்தினான் இசக்கிமுத்து. முள்வேலிக்கு அந்தப் பக்கம் களம் பரந்து கிடந்தது. ஆள் உயரத்துக்கு மேல் கம்பு நட்டுக் கயிறு கட்டி, வரிசை வரிசையாக வெள்ளைத் துணி சொட்டச் சொட்டத் தொங்கியது. ஒரு கோடியில் மாமனார் வீட்டின் பின்சுவர். மறு கோடியில், இருநூறு முந்நூறு அடி தள்ளி, தென்னைகளுக்கு நடுவில் பழைய பேக்கிங் குடோன். கம்பெனியைப் பெரிதாகக் கட்டிய பிறகு பூட்டிப் போட்டது.

வீட்டுப் பின்சுவரில், சமையலறை ஜன்னலுக்கு மேல், வெயில் மறைப்புக்குக் கீழே வெள்ளையாக ஒரு டப்பா இருந்தது. அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றுதான் ஜெபா ஏழு வருஷம் சமைத்திருக்கிறாள். அந்த டப்பாவைக் கெட்டுப்போன கேமரா என்று நினைத்திருந்தாள்.

"அதே டப்பா இங்கயும் இருக்கு" என்றான் இசக்கிமுத்து. குடோன் சுவரில், களத்தைப் பார்த்தபடி, அதன் ஜோடி. அடியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இசக்கிமுத்து போனை எடுத்து நீட்டினான். திரையில் 'ஜேடி குடோன்' என்று ஒரு வைஃபை பெயர். "ஒரு வருஷமாப் பூட்டிக் கிடக்கு. எலி படம் பாக்குதோ?"

டப்பாவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. காளிராஜ் நெட்வொர்க்ஸ், பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம்.

அந்தப் பெயரைப் பார்த்ததுமே ஜெபாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் மாமனார் போனில் யாரையோ காளிராஜ், காளிராஜ் என்று கிழி கிழியென்று கிழித்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஏமாத்துக்காரப் பயலே என்று தெருவுக்கே கேட்கத் திட்டினார். அவன்தான்! வாங்கிய திட்டுக்கு வஞ்சம் தீர்க்க அவர்கள் வீட்டு நெட்டிலேயே புகுந்து குடும்பத்தைப் பிரித்துவிட்டான். பழைய பஸ் ஸ்டாண்டில் காளிராஜ் கடை வாசலில் வேன் நிற்கும் முன்பே அவள் இறங்கி உள்ளே போனாள். மேஜை மேல் இருந்த ரவுட்டர் ஒன்று அவள் கைக்கு வந்திருந்தது.

"எம் பிள்ளை உனக்கு என்னலே பாவம் செஞ்சா?"

காளிராஜ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். முப்பது வயதுக்காரன், கையில் ஒயர் கட்டர். "யாருக்கா நீங்க? எந்தப் பிள்ளை?"

"போட்டுராதீங்க டீச்சர்" என்று பின்னால் ஓடி வந்த இசக்கிமுத்து ரவுட்டரை மெதுவாக அவள் கையில் இருந்து வாங்கினான். "பழைய மாடல். இதை வச்சு அடிச்சா வலி போய்ச் சேர லேட்டாகும்."

வெள்ளத்தாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஜேசுதாசன் வீட்டுல மாட்டுனியே, அந்த ஜோடி டப்பா. அது கதையைச் சொல்லு."

பெயரைக் கேட்டதும் காளிராஜ் முகம் கறுத்தது. "அந்த மனுசனா! குடோனுக்குக் கேமரா வைக்கணும், வீட்டு நெட்டு அங்க எட்டலைன்னு கூப்பிட்டாரு ஏட்டம்மா. களத்துல பள்ளம் தோண்டி ஒயர் போட விடமாட்டேன்னுட்டாரு, துணியில மண்ணு படுமாம். சரின்னு இந்த டப்பா போட்டேன். வீட்டு நெட்டை ஒரு டப்பா காத்துல அனுப்பும், இன்னொண்ணு அங்க வாங்கிக்கிடும். மாடியில வச்சிருந்தா அருமையா ஓடியிருக்கும். ஆனா மலைக் குரங்கு வந்து ரெண்டு தடவை பிடுங்கிப் போட்டுட்டு. அதான் சுவத்துல தாழ்வா இறக்குனேன்."

"ஓடுச்சா?"

"அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. பகல்ல வரவே மாட்டேங்குதுன்னு தினம் போன் போடுவாரு. நான் வேலை முடிச்சு ஆறு மணிக்குப் போய்ப் பாத்தா ஜம்முனு ஓடும். நாலு தடவை போனேன். அஞ்சாவது தடவை ஏமாத்துக்காரன்னு சொல்லிக் கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டாரு. ஊரு பூராவும் சொல்லிட்டாரு."

"ஒரு தடவையாவது பகல்ல போனியா?"

"இல்ல."

"பகல்ல நடுவுல என்னலே தொங்கும்?"

காளிராஜ் கட்டரை மேஜையில் போட்டுவிட்டு நெற்றியில் அறைந்துகொண்டான். "ஈரத்துணி! தண்ணிதான் வைஃபைக்கு எமன். காஞ்ச துணி ஒண்ணும் பண்ணாது. சொட்டச் சொட்ட முப்பது வரிசை நின்னா சுவரு மாதிரில்லா!"

ஜெபாவின் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போயிற்று. ஆனால் அது அடங்கவும் இல்லை. "இவன் இல்லைன்னு எப்படிச் சொல்லுதீங்க? இவனுக்கும் வஞ்சம் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா பட்டியல்ல கடைசி மெயில் எப்ப? போலீஸ் உங்க வீட்டுக்கு வந்ததுக்கு முந்தின நாளு. அதுக்குப் பொறவு ஒண்ணுகூட இல்ல. வெளியில இருக்க எதிரின்னா, வீட்டுக்குள்ள சண்டைன்னு கேள்விப்பட்டதும் சந்தோஷத்துல இன்னும் ரெண்டு சேத்து அனுப்பியிருப்பான். இது பயந்து நிறுத்துன கை. குடோன் சாவி கைக்கு எட்டுற ஆளு." வெள்ளத்தாய் காளிராஜ் பக்கம் திரும்பினார். "குடோனுக்குத் தனிப் பேரு எதுக்கு வச்ச?"

"எது வீடு, எது குடோன்னு தெரியட்டும்னுதான். பாஸ்வேர்டைக்கூட உள்ள இருக்க டப்பா மேலயே எழுதி ஒட்டியிருக்கேன்."

"தனிப் பேரு இருந்தா அது தனி லைனுன்னு நினைக்கிற ஆளு உண்டா?"

"பத்துல எட்டுப் பேரு அப்படித்தான் நினைப்பாங்க ஏட்டம்மா."

"அந்த எட்டுல ஒருத்தர் போதும்" என்று எழுந்தார் வெள்ளத்தாய். "தாயி, இவன் டப்பா மாட்டுன வருஷம் உன் வீட்டுக்காரரு எங்க இருந்தாரு?"

"திருப்பூர்ல. மெஷின் வேலை கத்துக்க மாமா அனுப்பியிருந்தாங்க. வந்து ஒரு வருஷம்தான் ஆகுது." சொல்லிவிட்டு ஜெபா அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. "எதுக்குக் கேக்குதீங்க?"

"சும்மாத்தான். அஞ்சு மணிக்கு அந்த வீட்டுல நீ வாயே திறக்கக் கூடாது."

ஐந்து மணிக்கு ஜேசுதாசன் வீட்டு ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். ஜேசுதாசன் சோபாவில். ரோசம்மாள் எப்சியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கட்டிலில். அம்மாவைக் கண்டதும் பிள்ளை துள்ளியது. ரோசம்மாள் விடவில்லை. அந்தக் கையைப் பிடித்து முறுக்க வேண்டும் போல இருந்தது ஜெபாவுக்கு. ஸ்டெபின் ஜன்னலோரம் நின்று அவள் கண்ணில் படாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். டீப்பாய் மேல் வக்கீல் எழுதிக் கொடுத்த தாள்களும் பேனாவும்.

"கையெழுத்துப் போட வந்தவ எதுக்குப் போலீசைக் கூட்டிட்டு வருதா?" என்றார் ஜேசுதாசன்.

"முன்னாள் போலீஸு. நான் முன்னாள் கண்டக்டர்" என்றான் இசக்கிமுத்து. "இந்நாள்னு சொல்லிக்க எங்ககிட்ட வேன் மட்டும்தான் இருக்கு."

வெள்ளத்தாய் நின்றபடியே பேசினார். "அண்ணாச்சி, ரெண்டு நிமிசம். அந்த மெயில் எதுவும் இந்த வீட்டுக்குள்ள இருந்து போகலை. உங்க குடோன்ல இருந்து போயிருக்கு."

ஜேசுதாசன் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் பக்கம் இருந்து குரல் வந்தது.

"அது எப்பிடி முடியும்?" என்றான் ஸ்டெபின். "போலீஸ் சொன்னது வீட்டு லைன். குடோன்ல இருக்கது தனி லைன்லா. குடோன்ல இருந்து போனா வீட்டு லைன்ல எப்படிக் காட்டும்? இவளைக் காப்பாத்த என்னமும் சொல்லாதீங்க."

வெள்ளத்தாய் திரும்பி ஜேசுதாசனைப் பார்த்தார். அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி மெல்ல மெல்லச் சுருங்கியது.

"குடோன்ல ஏதுலே லைன்?" என்றார்.

ஸ்டெபின் விழித்தான்.

"வீட்டு நெட்டை அங்க இழுத்தது நானு. நீ அப்ப திருப்பூர்ல இருந்த. ஓட மாட்டேங்குதுன்னு கேமராவைக் கழட்டி, குடோனைப் பூட்டி, பொறவுதான் நீ வந்த. அந்த டப்பா இன்னும் உசிரோட இருக்குன்னு எனக்கே தெரியாது. உனக்கு எப்பிடிலே தெரியும்?"

இதை எதிர்பார்த்தே ஏட்டம்மா தன் வாயைக் கட்டிப் போட்டார் என்பது ஜெபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எவனோ ஒரு எதிரியின் முகத்தைக் கற்பனை செய்து ஆறு வாரம் சபித்திருந்தாள். அந்த முகம் தன் தலையணைக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்திருக்கிறது.

"பகல்ல அங்க நெட்டு வராதுல்ல?" என்று இதமாகக் கேட்டார் வெள்ளத்தாய்.

ஸ்டெபின் அப்படியே சுவரில் சாய்ந்தான். "வராது" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது அவனுக்கு. அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. அப்பா பக்கம் திரும்பிக் கத்தினான். "நாப்பது பேரு பாக்க என்னைய அறைஞ்சியே! ஒரு லாட்டு துணி மஞ்சப் பூத்ததுக்கு. பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாளுவ. உன் கம்பெனியை உன் கண்ணு முன்னாடியே உக்கார வைக்கணும்னுதான் செஞ்சேன். ரெண்டு லைனும் உன் பேருல இருக்கு, அதான் போலீஸ் வீட்டு அட்ரஸுக்கு வந்திருக்குன்னு நினைச்சேன்."

ஜேசுதாசன் எழுந்தார். எழுந்தவருக்கு அடிக்கக் கை வரவில்லை. திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"அது உனக்கும் உங்க அப்பாவுக்கும் உள்ள பகை" என்றாள் ஜெபா. கல்யாணமான ஏழு வருஷத்தில் அவனை ஒருமையில் அழைத்தது அதுதான் முதல் முறை. ரோசம்மாள் திடுக்கிட்டுப் பார்த்தாள். "நான் உனக்கு என்ன செஞ்சேன்? எம் மேல பழி விழுந்தப்ப பக்கத்துலதான நின்ன? பிள்ளை அழ அழ என் பெட்டியைத் தூக்கி ஆட்டோவுல வச்சது உன் கைதான?"

"பயந்துட்டேன் ஜெபா. நம்ம குடும்பத்துக்குள்ளயே பேசி முடிச்சுக்கிடுவோம். உங்கால்ல வேணும்னாலும் விழுதேன்."

"ஆஸ்பத்திரிக்கு உண்மையை எழுதுலே முதல்ல!" என்று முனகினார் ஜேசுதாசன்.

"அது உங்க கஷ்டம் மாமா. அதை நாளைக்குப் பாத்துக்கிடுங்க" என்றாள் ஜெபா. "என் கஷ்டம் சபை வாட்ஸாப் குரூப்புல இருக்கு. 'எங்க வீட்டு மருமக செய்த துரோகத்தில் இருந்து குடும்பம் மீள ஜெபிக்கவும்'னு அத்தை போட்டாங்களே, நானூறு பேரு இருக்க குரூப்புல. எழுபது பேரு ஆமென் போட்டாங்க. நான் எண்ணுனேன். ஸ்டெபின், போனை எடு."

"ஜெபா, அங்க மட்டும் வேண்டாம். நான் வாலிபர் சங்கச் செயலாளரு."

"அதனாலதான்."

இசக்கிமுத்து ஒரு நாற்காலியை இழுத்து ஜெபாவுக்குப் பின்னால் போட்டான். இந்த முறை அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஜெபா உட்கார்ந்தாள். ஸ்டெபின் நின்றுகொண்டே டைப் அடித்தான். பாதியில் நிறுத்தி, "எப்படி எழுத?" என்றான்.

"பதினாலும் எழுதுனியே, அப்ப எங்கிட்டயா கேட்ட? உன் பேரை முதல் வரியில போடு. என் பேரு கடைசியில வரணும், இவ மேல ஒரு தப்பும் இல்லைன்னு."

அவன் மூக்கு ஒழுகியது. ஆறு வாரமாகக் காத்திருந்த காட்சி. அவள் அவசரப்படவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. அவனுக்காகக் கொஞ்சம் பரிதாபம் வருமோ என்று உள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை. வராததற்காக வருத்தமும் வரவில்லை.

அவன் அனுப்பினான். அலமாரி மேல் இருந்த ரோசம்மாளின் போன் 'டிங்' என்றது.

"படிங்க அத்தை. குரூப்புல வருத எதையும் விட மாட்டீங்களே" என்றாள் ஜெபா.

ரோசம்மாள் எழுந்து போனை எடுத்தாள். அவள் மடியில் இருந்து இறங்கிய எப்சி ஒரே ஓட்டமாக வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிள்ளையின் தலையில் வேறு எண்ணெய் வாசம் அடித்தது. ஜெபா ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் பேனாவை எடுத்தாள். 'குழந்தை தகப்பனிடம்' என்ற வரியைக் குறுக்கே அடித்தாள். மேலே 'தாயிடம்' என்று எழுதினாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டுத் தாளை ஸ்டெபின் பக்கம் தள்ளினாள்.

"நீ இங்கயே இரும்மா" என்றார் ஜேசுதாசன். குரலே எழவில்லை. "அவனை வேணும்னா வெளிய அனுப்புதேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இருந்திருப்பேன் மாமா."

ஸ்டெபின் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டான். தாளை மடித்து வாங்கிக்கொண்டார் வெள்ளத்தாய். வக்கீல் நாளைக்குச் சுத்தமாக டைப் அடித்துக்கொள்வார் என்றார்.

அப்போது ஜேசுதாசனின் போன் அடித்தது. திரையில் போதகர் பெயர். அவர் எடுக்கவில்லை. அது நின்றதும் ரோசம்மாளின் போன் அடித்தது. அவளும் எடுக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே அழுதாள். ஜெபா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ஸ்டெபினின் போன் அடிக்க ஆரம்பித்தது.

அது நிற்கிற மாதிரித் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே அவள் படி இறங்கினாள்.